தாடை அறுவை: எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது?



ஒரு கண்ணாடியின் முன் நின்று, பின்பற்களை இயல்பாகக் கடித்துக்கொள்ளுங்கள். பிறகு உதடுகளை மட்டும் விலக்கிப் பாருங்கள். மேல்வரிசை முன்பற்கள் கீழ்வரிசை முன்பற்களை இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு மூடியபடி, சற்றே முன்னால் நிற்கின்றனவா? நம் வீட்டுச் சம்புடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூடி அடிப்பாகத்தைவிடச் சிறிது அகலமாக இருந்தால்தானே சம்புடம் ஒழுங்காக மூடும்? நம் இரண்டு பல்வரிசைகளும் அப்படித்தான் பொருந்த வேண்டும். இந்தப் பொருத்தத்தைக் ‘கடிப்பு’ என்று சொல்லலாம்.

எல்லோருக்கும் இது சரியாக அமைவதில்லை. சிலருக்குக் கீழ்த்தாடை முன்னால் நீண்டு, கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு வெளியே வந்து நிற்கும். சிலருக்குக் கீழ்த்தாடை பின்னடைந்து, மேற்பற்கள் எத்துப்பற்களாகத் தெரியும். சிலருக்குப் பின்பற்கள் கடித்தாலும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி இருக்கும். அவர்களால் இட்லியைக்கூட முன்பல்லால் துண்டாக்க முடியாது. இன்னும் சிலருக்கு முகம் ஒரு பக்கமாகக் கோணியிருக்கும்.

வகுப்பில் இவர்களுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அந்தப் பெயரிலிருந்து தப்புவதற்காகவே தாடையை அறுத்துச் சரிசெய்ய வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ‘கத்தி வைத்தால் போச்சு’ என்று அஞ்சி, வாழ்நாள் முழுவதும் சரியாக மெல்லாமலே காலம் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டும் தவறு என்பது என் கருத்து. தாடை அறுவை நல்ல சிகிச்சை. ஆனால் அது கேலிக்கு மருந்து அல்ல. அது எதைத் தரும், எதைத் தராது, என்ன விலை கேட்கும் என்பதை அறிந்து, தாடைக்கு உரியவரே முடிவு செய்ய வேண்டும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் காண்போம்.

கதவா, நிலையா?

செட்டிநாட்டு வீடுகளின் பெரிய தேக்குக் கதவுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் தச்சர் என்ன செய்வார்? கதவின் ஓரத்தை இழைப்பார், கீலைத் திருத்துவார். ஆனால் நிலையே சாய்ந்திருந்தால்? கதவை எவ்வளவு இழைத்தாலும் பயனில்லை. நிலையைத்தான் நிமிர்த்த வேண்டும்.

பற்கள் கதவு என்றால் தாடையெலும்பு நிலை. பல் மட்டும் இடம் மாறியிருந்தால் கம்பி கட்டினால் போதும். ‘கிளிப் போடுவது’ என்று நாம் சொல்கிறோமே, அதுதான். கம்பி பல்லை மெல்ல அழுத்துகிறது. அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. பல் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. ஆனால் பல் தன்னைத் தாங்கும் எலும்பின் எல்லைக்குள்தான் நகர முடியும். எலும்பே பல மில்லிமீட்டர் முன்னாலோ பின்னாலோ இருந்தால் கம்பியால் மட்டும் அதைச் சரிசெய்ய இயலாது. அப்போதுதான் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

கோளாறு கதவிலா நிலையிலா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் 1899-ல் கடிப்புக் குறைகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். பல்மருத்துவ மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். ஆனால் அவர் பார்த்தது பற்களை. எலும்பைப் பார்க்கும் வழி 1931-ல் கிடைத்தது. அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தலையை ஒரே நிலையில் நிறுத்தி, பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்து, கோணங்களை அளக்கும் முறையைத் தனித்தனியே அறிவித்தார்கள். இன்று சி.டி. ஸ்கேன் எடுத்து, கணினியில் முப்பரிமாண மண்டையோட்டை உருவாக்கி, எந்தத் துண்டை எத்தனை மில்லிமீட்டர் நகர்த்துவது என்று முன்கூட்டியே ஒத்திகை பார்க்கிறார்கள்.

தாடை ஏன் இப்படி அமைகிறது? பெரும்பங்கு பரம்பரைக்கு உண்டு. ‘அப்படியே ஐயா ஜாடை’ என்று அப்பத்தா பெருமையோடு சொல்லும்போது, அந்த ஜாடையில் தாடையும் அடக்கம். ஐரோப்பாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பம் இதற்குப் பேர்போனது. தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொண்ட அந்தக் குடும்பத்தின் ஓவியங்களில் நீண்ட கீழ்த்தாடை திரும்பத் திரும்ப வருகிறது. 1700-ல் இறந்த ஸ்பெயின் மன்னர் இரண்டாம் சார்லஸால் உணவைச் சரியாக மெல்லக்கூட முடியவில்லை. 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தத் தாடைக்கும் நெருங்கிய உறவுத் திருமணங்களுக்கும் தொடர்பு இருப்பதைச் சுட்டிக்காட்டியது. பரம்பரை தவிர, நெடுநாள் விரல் சூப்பும் பழக்கம், வாயால் மூச்சு விடுதல், சிறு வயதில் தாடை மூட்டில் பட்ட அடி, பிறவியிலேயே உதடும் அண்ணமும் பிளந்திருத்தல் ஆகியவையும் காரணங்களாகலாம்.

ஒரு நூற்றாண்டுக்கு மேலான பயணம்

கடிப்பைச் சரிசெய்ய எலும்பை அறுத்த முதல் அறுவையாகக் கருதப்படுவது 1849-ல் அமெரிக்காவின் வீலிங் நகரில் சைமன் ஹல்லிஹென் அறிவித்தது. நோயாளி ஓர் இளம்பெண். சிறு வயதில் ஏற்பட்ட தீக்காயத்தின் வடு கழுத்தை இழுத்து இழுத்து, கீழ்த்தாடையின் முன்பகுதியை நீளச் செய்துவிட்டது. ஹல்லிஹென் அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் பின்னால் பொருத்தினார். எலும்பு கல் அல்ல, இழுத்த இழுப்புக்கு வளரும் உயிருள்ள பொருள் என்பதற்கும் இது நல்ல சான்று.

அடுத்த படி விந்தையானது. பிரான்சில் ரெனே லெஃபோர் என்பவர் இறந்தவர்களின் தலைகளை வெவ்வேறு திசைகளில் தாக்கி, முக எலும்புகள் எங்கே முறிகின்றன என்று ஆராய்ந்தார். முறிவுகள் குறிப்பிட்ட மூன்று கோடுகளை ஒட்டியே வருகின்றன என்று 1901-ல் எழுதினார். அவற்றில் கீழேயுள்ள முதற்கோடு, மேற்பற்களின் வேர்களுக்கு மேலே கிடையாக ஓடுகிறது. விபத்தில் எலும்பு முறியும் அதே கோட்டில் பின்னாளில் அறுவை மருத்துவர்கள் வேண்டுமென்றே வெட்டி, மேல்தாடையை நகர்த்தத் தொடங்கினார்கள். ‘லெஃபோர் ஒன்று’ என்றே அந்த வெட்டுக்குப் பெயர்.

கீழ்த்தாடைக்கு வழி காட்டியவர் ஹூகோ ஓப்வெகெஸர். ஆஸ்திரியாவில் பிறந்து சூரிச்சில் பணியாற்றியவர். அவரும் டிரௌனரும் 1957-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட கட்டுரை உலகெங்கும் பரவியது. அவருடைய உத்தி தச்சு வேலை தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். ஒரு மரத்தைக் குறுக்கே வெட்டி இரண்டு துண்டுகளையும் விலக்கினால் நடுவே வெறும் இடைவெளிதான். மாறாக, மரத்தை நீளவாட்டில் இரண்டு பலகைகளாகப் பிளந்து, ஒன்றை மற்றொன்றின்மேல் சறுக்கினால்? முன்னே தள்ளினாலும் பின்னே இழுத்தாலும் இரண்டு பலகைகளும் ஒன்றையொன்று தொட்டபடியே இருக்கும் அல்லவா? ஓப்வெகெஸர் கீழ்த்தாடையின் பின்பகுதியை இப்படித்தான் உள் ஏடு, வெளி ஏடு என்று பிளந்தார். எலும்பின்மேல் எலும்பு அகலமாகப் படிவதால் அது நன்றாகக் கூடுகிறது. அதுவும் வாய்க்குள்ளேயே வெட்டுவதால் முகத்தில் தழும்பு விழுவதில்லை.

ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருந்தது. மேல்தாடையை முழுவதும் கழற்றிவிட்டால் அதற்கு இரத்தம் எங்கிருந்து வரும்? எலும்பு செத்துவிடாதா? அமெரிக்காவில் வில்லியம் பெல் குரங்குகளிடம் சோதித்து, அண்ணத்தின் தசையையும் சவ்வையும் விட்டுவைத்தால் அதன் வழியே போதிய இரத்தம் செல்கிறது என்று 1960களின் இறுதியிலும் 1970களிலும் காட்டினார். அதன் பிறகே மேல்தாடை அறுவை அச்சமின்றிப் பரவியது.

காரைக்குடிக்குத் தெரிந்த விஷயம்

நகர்த்திய எலும்பு நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். முன்பெல்லாம் மேற்பற்களையும் கீழ்ப்பற்களையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, ஆறு வாரம் வாயைத் திறக்க விடமாட்டார்கள். இன்று பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. சிறிய டைட்டானியத் தகடுகளை, சுமார் இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகுகளால் எலும்பில் முடுக்கிவிடுகிறார்கள்.

ஏன் டைட்டானியம்? காரைக்குடி மாணவர்களுக்கு இந்தக் கேள்வி நெருக்கமானது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உங்கள் ஊரில்தானே இருக்கிறது? உலோக அரிமானம் அதன் முக்கியமான ஆய்வுத் துறைகளில் ஒன்று. உப்புக் காற்றில் இரும்பு அரிக்கப்படுவதைக் கடற்கரையில் பார்த்திருப்பீர்கள். நம் உடலுக்குள் இருப்பதும் உப்புநீர்தான். போதாததற்கு வெதுவெதுப்பாகவும் இருக்கிறது. சாதாரண இரும்பு அதில் துருவேறிவிடும். டைட்டானியமோ காற்றுப் பட்டவுடன் தன்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் படலம் உடனே மீண்டும் உண்டாகிறது. எடையோ எஃகின் எடையில் பாதியைவிடச் சற்றே கூடுதல். ஸ்வீடன் நாட்டு பிரோனமார்க் 1950களில் முயல்களை ஆராய்ந்தபோது, எலும்பு டைட்டானியத்தோடு இறுக ஒட்டி வளர்வதைக் கண்டார். அதனால்தான் இந்தத் தகடுகளைப் பெரும்பாலோருக்கு எடுக்காமல் உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். இந்த உலோகத்தின் தாது நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது என்பது உங்களுக்குத் தெரியுமா?

நாட்காட்டியைப் பார்த்துவிட்டு வாருங்கள்

‘அறுவை முடிந்தால் புதிய முகம்’ என்று நினைப்பவர்கள் முதலில் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். முழுச் சிகிச்சைக்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் ஆகும்.

முதலில் கம்பி. ஏறக்குறைய 12 முதல் 18 மாதங்கள். இந்தக் கட்டத்தில் ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது: கடிப்பு முன்பைவிட மோசமாகும்! ஒரு கையில் தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்கிச் செல்பவர் மறுபக்கம் சாய்ந்து நடப்பார் அல்லவா? அதுபோல, தாடையின் குறையை ஈடுகட்டப் பற்கள் தாமாகவே சாய்ந்திருக்கும். அவற்றை நிமிர்த்தினால்தான் அறுவையின்போது எலும்பைச் சரியான தொலைவுக்கு நகர்த்த முடியும். நிமிர்த்தும்போது மறைந்திருந்த குறை வெளியே தெரிகிறது. இதை முன்கூட்டியே அறியாதவர்கள் ‘கெடுத்துவிட்டார்கள்’ என்று மனமுடைந்து பாதியில் நிறுத்திவிடுவதுண்டு. அறுவைக்குச் சில மாதங்கள் முன்னரே கீழ்த்தாடையின் ஞானப்பற்களையும் எடுத்துவிடுவது வழக்கம்.

அடுத்து அறுவை. முழு மயக்கத்தில், ஒரு தாடையா இரண்டு தாடைகளா என்பதைப் பொறுத்து இரண்டிலிருந்து ஐந்து மணி நேரம் வரை ஆகலாம். மூச்சுக்குழாயை மூக்கு வழியாகச் செலுத்துவார்கள். மருத்துவமனையில் சில நாட்கள் தங்க வேண்டும்.

வலியைவிட வீக்கம்தான் பலரைத் திகைக்க வைக்கிறது. இரண்டாம் மூன்றாம் நாட்களில் முகம் பூசணிக்காய் போல் வீங்கும். மூக்கு அடைத்துக்கொள்ளும். பெரும்பகுதி வீக்கம் இரண்டு மூன்று வாரங்களில் வடியும்; மீதி வடியச் சில மாதங்கள் ஆகும். இரண்டாவது வாரத்தில் பலருக்கு மனம் சோர்ந்துவிடுகிறது. பசி, தூக்கக் குறைவு, சரியாகப் பேச முடியாமை, கண்ணாடியில் தெரியும் அறிமுகமில்லாத முகம் எல்லாம் சேர்ந்து ‘ஏன் செய்துகொண்டோம்’ என்று தோன்றச் செய்யும். இது பெரும்பாலும் தானே தெளிந்துவிடும். ஆனால் இப்படி ஒன்று வரும் என்று வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

உணவு? முதல் ஒன்றிரண்டு வாரங்களுக்கு வடிகட்டிய ரசம், பருப்புத் தண்ணீர், பால், மோர், கஞ்சி. பிறகு குழைந்த சோறு, பாலில் ஊறிய இடியாப்பம், நன்றாக மசிந்த முட்டை, கும்மாயம் என்று ஆறு வாரம் வரை மெல்லத் தேவையில்லாத உணவுகள். தேன்குழலும் சீப்புச் சீடையும் எலும்பு உறுதிப்படும்வரை, அதாவது ஏறக்குறைய மூன்று மாதங்கள், எட்டாக் கனிதான். உடல் எடை சில கிலோ குறையும். இரண்டு மூன்று வாரங்களில் பள்ளிக்கோ கல்லூரிக்கோ திரும்பலாம். ஆனால் கபடி விளையாட மூன்று மாதங்களாவது காத்திருக்க வேண்டும். சிராவயல் மஞ்சுவிரட்டில் இறங்குவது பற்றி நினைக்கவே வேண்டாம்!

அறுவைக்குப் பின்னும் ஆறு முதல் ஒன்பது மாதங்கள் கம்பி இருக்கும். அதைக் கழற்றிய பிறகு, பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் தடுக்கும் கருவியை அணிய வேண்டும்.

உதடு மரத்துப் போகலாம்

இனிச் சொல்லப்போவதை விளம்பரங்கள் பெரிய எழுத்தில் போடுவதில்லை. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் உண்டு. அதன் வழியே செல்லும் நரம்பு, கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சியைத் தருகிறது. ஓப்வெகெஸரின் முறையில் எலும்பைப் பிளக்கும் இடம் இந்த நரம்புக்கு மிக அருகில் இருக்கிறது. ஆகவே அறுவைக்குப் பின் கீழுதடும் மோவாயும் மரத்துப்போவது மிகச் சாதாரணம். பலருக்கு வாரங்களில் அல்லது மாதங்களில் உணர்ச்சி திரும்புகிறது. சிலருக்கு முழுமையாகத் திரும்புவதே இல்லை; வயது ஏற ஏற இந்த வாய்ப்பு கூடுகிறது. உதடு அசையும், பேசலாம், சிரிக்கலாம். ஏனெனில் அசைவைத் தருவது வேறு நரம்பு. ஆனால் உதட்டில் ஒட்டிய சோற்றுப் பருக்கை தெரியாது. காபியின் சூட்டை அந்த இடம் சரியாக உணராது.

இரத்தப்போக்கு, தொற்று, எலும்பு நினைத்தபடி பிளவாமை, நகர்த்திய தாடை ஓரளவு பழைய இடத்துக்குத் திரும்புதல் ஆகியவையும் நேரக்கூடும். தாடை மூட்டில் வலி உள்ளவர்களுக்கு அறுவை அந்த வலியைப் போக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. உயிருக்கு ஆபத்து மிக அரிது. எனினும் முழு மயக்கத்தில் செய்யும் எந்த அறுவையும் விளையாட்டு அல்ல.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டு அறுவைக்குப் போனவர்களே பின்னால் நிறைவோடு இருக்கிறார்கள். தெரியாமல் போனவர்கள் நல்ல பலன் கிடைத்தபோதும் ஏமாந்ததாக உணர்கிறார்கள்.

யாருக்காக, எதற்காக?

இப்போது என் கருத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். அறுவை வேண்டுமா என்று தீர்மானிக்க முதலில் கேட்க வேண்டியது, ‘எப்படி இருக்கிறது?’ என்பதல்ல, ‘என்ன செய்ய முடியவில்லை?’ என்பது. கடிக்க, மெல்ல முடிகிறதா? உதடுகள் முயற்சியின்றி மூடுகின்றனவா? கீழ்ப்பற்கள் மேல் அண்ணத்தைக் குத்துகின்றனவா? சில எழுத்துகளை உச்சரிக்கத் தடுமாற்றமா? கீழ்த்தாடை மிகவும் பின்னடைந்தவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுவழி அடைபட்டு, மூச்சே அவ்வப்போது நின்று போவதுண்டு. அவர்களில் சிலருக்கு இரண்டு தாடைகளையும் முன்னே நகர்த்துவது மூச்சுக்கே வழிவிடுகிறது. இத்தகைய குறை உள்ளவர்கள், பயத்தால் மட்டும் அறுவையைத் தள்ளிப்போடுவது அறிவுடைமை ஆகாது.

‘அப்படியானால் அழகுக்காகச் செய்துகொள்வது குற்றமா?’ என்று நீங்கள் கேட்கலாம். குற்றமே இல்லை. நாள்தோறும் கேலிக்கு ஆளாகும் ஒரு பிள்ளையின் வேதனை, மெல்ல முடியாத வேதனையைவிடக் குறைந்ததல்ல. முகம் மாறிய பின் தலைநிமிர்ந்து நடப்பவர்கள் பலர் உண்டு. ஆனால் இரண்டைப் பிரித்துப் பாருங்கள். ‘என் முகம் எனக்கே இப்படி வேண்டும்’ என்பது ஒன்று. ‘அவர்கள் கேலியை நிறுத்த வேண்டும்’ என்பது வேறு. முதலாவதற்கு அறுவை விடை தரலாம். இரண்டாவதற்குத் தராது. கேலி செய்கிறவன் தாடை போனால் நிறத்தைப் பிடித்துக்கொள்வான். நிறம் இல்லையென்றால் உயரத்தைப் பிடித்துக்கொள்வான். அவன் நாக்கைத் திருத்துவதற்கு உங்கள் எலும்பை ஏன் அறுக்க வேண்டும்?

வீட்டில் இன்னொரு அவசரமும் உண்டு. ‘மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் முடித்துவிடலாம்’ என்று நாள் குறிக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். இரண்டாண்டுச் சிகிச்சையை முகூர்த்த நாளுக்குள் அடக்க முடியாது. அதைவிட முக்கியம், மரத்துப்போன உதட்டோடு வாழப்போவது பெற்றோரும் அல்லர், மாப்பிள்ளை வீட்டாரும் அல்லர். ஐயாவின் ஜாடையை விட்டுவிடச் சம்மதமா என்ற கேள்வியைக்கூட அந்த முகத்துக்கு உரியவரே எதிர்கொள்ள வேண்டும்.

நல்லவேளையாக, இங்கே உடலியலும் நம் பக்கமே நிற்கிறது. தாடை வளர்ந்து முடியும்முன் அறுவை செய்தால், மீதி வளர்ச்சி எல்லாவற்றையும் குலைத்துவிடலாம். முக்கியமாக, நீண்ட கீழ்த்தாடை பெரும்பாலும் பெண்களுக்குச் சுமார் 16, 17 வயதுவரையும், ஆண்களுக்கு 18-க்கு மேலும், சிலருக்கு 20, 21 வரையும்கூட வளரும். சில மாத இடைவெளியில் எடுத்த எக்ஸ்ரேக்களை ஒப்பிட்டு, வளர்ச்சி நின்றதை உறுதி செய்த பிறகே மருத்துவர்கள் நாள் குறிப்பார்கள். ஆகவே முடிவெடுக்கும் வேளையில் நீங்கள் பெரும்பாலும் ஓட்டுப் போடும் வயதை எட்டியிருப்பீர்கள். அந்த இடைக்காலத்தைக் கவலைப்படப் பயன்படுத்தாதீர்கள்; கேள்வி கேட்கப் பயன்படுத்துங்கள். மருத்துவரிடம் இந்த ஐந்தையாவது கேளுங்கள்:

1. என் குறை பல்லிலா, எலும்பிலா? எக்ஸ்ரேயில் காட்டி விளக்குவீர்களா?
2. அறுவை இல்லாமல் கம்பியால் மட்டும் எவ்வளவு சரியாகும்?
3. ஒன்றுமே செய்யாவிட்டால் பத்தாண்டுகளில் என்ன ஆகும்?
4. என் வளர்ச்சி நின்றுவிட்டது என்று எப்படித் தெரியும்?
5. உதட்டு உணர்ச்சி திரும்பாமல் போன நோயாளிகள் உங்களுக்கு உண்டா?

ஐந்தாவது கேள்விக்கு ‘ஒருவர்கூட இல்லை’ என்று பல அறுவைகள் செய்த ஒருவர் சொன்னால், இன்னொரு மருத்துவரையும் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

செய்யாமல் தவிர்த்த அறுவையே சிறந்த அறுவை

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. வளர்ச்சி நடக்கும்போதே குறையைக் கண்டுபிடிப்பது. பின்னடைந்த கீழ்த்தாடை உள்ள பிள்ளைகளுக்கு, பூப்பெய்தும் பருவத்தின் வளர்ச்சி வேகத்தைப் பயன்படுத்தும் கருவிகள் இருக்கின்றன. மேல்தாடை வளராமல் பின்தங்கியவர்களுக்கு, எட்டு வயதை ஒட்டி முகத்தில் மாட்டும் இழுகருவி உதவலாம். எல்லோருக்கும் இவை அறுவையைத் தவிர்க்காது. ஆனால் சிலருக்குத் தவிர்க்கும். சிலருக்கு அறுவையின் அளவைக் குறைக்கும். பதினெட்டு வயதில் வந்தால் இந்த வாசல் மூடியிருக்கும்.

2013-ல் நாடெங்கும் தொடங்கிய ‘ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்’ திட்டத்தின்படி மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளைச் சோதிக்கின்றன. உதடு, அண்ணப் பிளவும் பல் நோய்களும் அவற்றின் பட்டியலில் உண்டு. சொத்தைப் பல்லைத் தேடும் அதே நேரத்தில், ‘பின்பல்லைக் கடி, உதட்டை விலக்கு’ என்று சொல்லி ஒரு பார்வை பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். ஏழெட்டு வயதிலும் பதினொன்று பன்னிரண்டு வயதிலும் இந்த அரை நிமிடத்தை ஒவ்வொரு பள்ளியும் கட்டாயமாக்க வேண்டும் என்பேன். பின்னால் மணிக்கணக்கில் நடக்கும் அறுவைகள் சிலவற்றை அந்த அரை நிமிடமே தடுத்துவிடும்.

பார்த்த பிறகு எங்கே அனுப்புவது? 1920-ல் டாக்டர் ஆர். அகமது கல்கத்தாவில் நாட்டின் முதல் பல்மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். சென்னையில் 1953-ல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல்மருத்துவப் படிப்பு வந்தது. செட்டிநாட்டு அரசர் அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1980-ல் ராஜா முத்தையா பல்மருத்துவக் கல்லூரி எழுந்தது. இன்று அது அரசின் பொறுப்பில் இருக்கிறது. 2023-ல் புதுக்கோட்டையிலும் அரசு பல்மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. காரைக்குடியிலிருந்து பேருந்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பல் சீரமைப்பும் முக, தாடை அறுவையும் பல்மருத்துவப் படிப்பின் பாடங்கள். ஆகவே ‘எனக்கு இருப்பது கதவுக் கோளாறா, நிலைக் கோளாறா?’ என்ற முதல் கேள்விக்கு விடை தேட நீங்கள் பெருநகரத்துத் தனியார் மருத்துவமனைக்கு ஓட வேண்டியதில்லை.

கடைசியாக, நல்ல கடிப்பு அமையப்பெற்ற மாணவர்களுக்கு ஒரு சொல். அது உங்கள் சாதனை அல்ல. தற்செயலாகக் கிடைத்த மரபுப் பங்கு. பக்கத்துப் பெஞ்சில் இருப்பவருக்கு வேறு பங்கு கிடைத்திருக்கிறது, அவ்வளவே. அவர் ஒரு நாள் வீங்கிய முகத்தோடு, கஞ்சிப் பாத்திரத்தோடு வகுப்புக்கு வந்தால், எழுதாமல் விட்ட பாடக் குறிப்புகளைக் கொடுத்து உதவுங்கள். அவர் அறுவையே வேண்டாம் என்று முடிவு செய்தாலும் அதே அன்போடு பழகுங்கள். அவரவர் தாடை அவரவர்க்கு உரியது. அதை எப்படி வைத்துக்கொள்வது என்று அவர் அச்சமோ அவசரமோ இன்றி எண்ணிப் பார்க்க, நம்மால் முடிந்த இடத்தைக் கொடுப்போம்.